காயத்துக்குச் சாட்சி யார்?

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் இறந்தது 1226 அக்டோபர் 3ஆம் தேதி. இரண்டே ஆண்டுகளுக்குள், 1228 ஜூலை 16 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். கிறிஸ்துவின் ஐந்து காயங்களையும் உடலில் தாங்கியவர் என்றுதான் இன்று உலகம் பிரான்சிஸை அறிகிறது. ஆனால் அவரைப் புனிதராக்கிய அந்த ஆணையில் காயங்களைப் பற்றிய பேச்சே இல்லை. செய்தி ரோமுக்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது. பிரான்சிஸ் இறந்த கையோடு, சபைப் பொறுப்பிலிருந்த சகோதரர் எலியாஸ் எல்லா மடங்களுக்கும் எழுதிய கடிதத்தில் காயங்களை விவரித்திருந்தார். கிரகோரியும் அந்நியர் அல்ல. கர்தினால் உகொலினோவாக இருந்த காலத்திலேயே பிரான்சிஸின் நெருங்கிய நண்பர். காயங்களை மறுத்துப் பேசியவர்களைக் கண்டித்து 1237இல் ஆணைகள் பிறப்பித்தவரும் அவரே. நம்பினார், ஆனாலும் புனிதர் பட்டத்துக்கு அதை ஆதாரமாக வைக்கவில்லை.

இந்த மௌனத்தைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கத்தோலிக்கப் புனிதர்களின் வரலாற்றில் வலிக்கு இரண்டு கணக்கேடுகள் உண்டு. பக்தர்களின் ஏட்டில் இரத்தம் கசியும் கைகளும், உண்ணாமல் கழிந்த மாதங்களும், வெள்ளிக்கிழமைப் பரவசங்களும் முதல் பக்கத்திலேயே இருக்கும். ரோமின் விசாரணை ஏட்டில் அவை ஓரக்குறிப்பாக, பல நேரம் சந்தேகப் பொருளாக இடம்பெறும். வலியை அனுபவித்த புனிதர்களையே கேட்டால், அவர்களில் பலர் இந்த விஷயத்தில் பக்தர்களைவிட விசாரணை அதிகாரிகளுக்குத்தான் நெருக்கமாக நிற்கிறார்கள்.

பிரான்சிஸையே எடுத்துக்கொள்ளலாம். 1224 செப்டம்பரில், திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி, லா வெர்னா மலையில் நாற்பது நாள் நோன்பிருந்தபோது காயங்கள் தோன்றின என்பது மரபு. உடனிருந்தவர் சகோதரர் லியோ. பிரான்சிஸ் அவற்றை யாரும் பார்க்காதபடி துணியால் மூடியே வைத்திருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரைப் படுத்தி எடுத்தது கண்நோய். வெளிச்சம் பட்டாலே தாங்காது. அதற்கு வைத்தியமாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொட்டில் சூடு வைத்தார்கள். வாழ்வின் முடிவில், ஆண்டுக்கணக்கில் பட்டினி போட்டு வதைத்த தன் உடலை ‘சகோதரனே’ என்று அழைத்து அவர் மன்னிப்புக் கேட்டதாக, முதன்முதலில் அவர் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் பதிவு செய்கிறார். காயம் பெறும் காட்சியை ஜொத்தோ முதல் எத்தனையோ ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். இந்த மன்னிப்புக் காட்சியை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

வலியைப் பக்தியின் உச்சமாகப் பார்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. கிறிஸ்துவின் பாடுகளில் எஞ்சியிருப்பதைத் தன் உடலில் நிறைவு செய்வதாகப் பவுல் கொலோசையருக்கு எழுதுகிறார். ஆனால் அந்த வேர் தழைத்தது இடைக்கால ஐரோப்பாவில். அதுவரை இத்தாலியச் சிலுவை ஓவியங்களில் கண் திறந்து, சாவை வென்ற அரசராக நின்ற இயேசு, 13ஆம் நூற்றாண்டில் தலை சாய்ந்து, உடல் துவண்டு தொங்கத் தொடங்கினார். அந்த உடலோடு ஒன்றாவதே அன்பு என்றானது. 1894இல் பிரெஞ்சு மருத்துவர் அம்பேர்-கூர்பெய்ர், வரலாறு நெடுகத் திருக்காயம் பெற்றதாகச் சொல்லப்பட்டவர்களைத் தொகுத்தபோது 321 பேர் தேறினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஏன் பெண்கள் என்ற கேள்விக்கு 1980களில் இரண்டு வரலாற்றாசிரியர்கள் இரண்டு பதில் தந்தார்கள். ருடால்ஃப் பெல் 1985இல் எழுதிய நூலில், இத்தாலியப் புனிதைகளின் நோன்பை இன்றைய இளம்பெண்களிடம் காணும் உணவு மறுப்பு நோயோடு ஒப்பிட்டார்: குடும்பத்தின், திருமணத்தின் பிடியிலிருந்து விடுபட அவர்களிடமிருந்த ஒரே ஆயுதம் பட்டினி. கரோலைன் வாக்கர் பைனம் 1987இல் இதை மறுத்தார். உணவுதான் அக்காலப் பெண்ணின் ஆட்சிக்குட்பட்ட ஒரே பொருள், நற்கருணையும் உணவே, ஆகவே அவர்கள் நோன்பை உடல் வெறுப்பு என்று படிப்பது தவறு, உடல் வழியாகவே கடவுளை அடையும் முயற்சி அது என்றார். பைனத்தின் வாசிப்பு ஆழமானது. ஆனால் சியன்னா நகரத்துக் கத்ரீனின் கடிதம் ஒன்று இருவரையும் சற்றே சங்கடப்படுத்தும். சாப்பிட முடியாதது சாத்தானின் வேலையாக இருக்கலாம் என்று ஒரு துறவி எச்சரித்து எழுதியபோது, அவர் எழுதிய பதில்: இது எனக்கு வந்த நோய், தினமும் ஒரு வேளையாவது சாப்பிட முயல்கிறேன், குணமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். தவம் என்று சொல்லி அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. 1375இல் பீசா நகரில் பெற்ற காயங்களும் வெளியே தெரியக்கூடாது என்று அவரே வேண்டிக்கொண்டதாக அவருடைய ஆன்ம வழிகாட்டி கப்புவா ரேமண்ட் எழுதுகிறார். 1380இல், 33 வயதில் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத காயங்கள் பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபைகளுக்கிடையே பெரும் சச்சரவாகி, பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் கத்ரீனைக் காயங்களோடு வரையவே தடை போட்டது தனிக்கதை.

சபைகளுக்கு ஒரு காயப் புனிதர் தேவைப்பட்டார். தேவை இருக்கும் இடத்தில் போலியும் வரும். கோர்தோவாவின் மடத் தலைவி மக்தலேனா தெ லா குரூஸ் பல்லாண்டுகள் ஸ்பெயினே கொண்டாடிய திருக்காயப் பெண்மணி. கடைசியில் எல்லாம் ஏமாற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். 1546இல் விசாரணை மன்றம் தண்டித்தது. லிஸ்பனில் மரியா தெ லா விசித்தாசியோன் என்ற தொமினிக்கன் கன்னியரின் காயங்களை லூயிஸ் தெ கிரனாதா போன்ற பெரிய ஆன்மிக எழுத்தாளரே நம்பினார். 1588இல் மன்றத்தின் அதிகாரிகள் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். காயம் அழிந்தது, சாயம்.

இந்தச் சூழலில் எழுதியவர்தான் அவிலா தெரேசா. தேவதூதர் தங்க ஈட்டியால் நெஞ்சைத் துளைத்த அனுபவத்தை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்ததும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் பெர்னினி அதை ரோமில் பளிங்கில் செதுக்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதே தெரேசா, தாம் நிறுவிய மடங்களைப் பற்றிய நூலில், பரவசத்தில் விழுந்து மணிக்கணக்கில் கிடக்கும் கன்னியர்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்து அவ்வளவாகத் தெரியாது: நோன்பைக் குறை, நன்றாகச் சாப்பிடச் சொல், தூங்கவிடு, ஏதாவது வேலை கொடு. பல பரவசங்கள் அதிலேயே தெளிந்துவிடும் என்பது அவர் கணிப்பு. ஒரு மடத்தை நடத்திப் பார்த்தவரின் குரல் இது. அவருடைய தோழர் சிலுவை யோவான் இன்னும் ஒரு படி மேலே போனார். காட்சிகள் கடவுளிடமிருந்தே வந்தாலும் அவற்றைப் பிடித்துக்கொள்ளாதே, விலக்கு என்றார். 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்ட் வரை தம் சொந்தக் கர்மேல் சபையினரே அவரைத் தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைத்து, உணவறையில் வைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அவர் உடலில் பட்ட காயங்கள் மனிதர்கள் தந்தவை. யோவானின் ஆன்மிக எழுத்தில் வலியின் இடம் தோலிலிருந்து நகர்ந்து, கடவுள் இல்லாததுபோல் தோன்றும் ஒரு நெடிய இரவுக்குப் போய்விடுகிறது.

ரோம் இதையெல்லாம் சட்டமாக்கியது 18ஆம் நூற்றாண்டில். புரோஸ்பெரோ லம்பெர்தினி, புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் செய்யும் பதவியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகித்தவர். மக்கள் அந்தப் பதவிக்கு வைத்த பெயர் ‘சாத்தானின் வழக்கறிஞர்’. பின்னால் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். 1734 முதல் 1738 வரை வெளிவந்த அவருடைய பெருநூல்தான் இத்துறைக்கு இன்றும் அடித்தளம். காட்சி, பரவசம், நெடுநோன்பு, காயம் எதுவும் புனிதத்துக்குச் சான்றாகாது. ஒருவரிடம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, பொறுமை, கீழ்ப்படிதல் ஆகியவை சாதாரண மனிதர்களின் அளவைத் தாண்டி இருந்தனவா என்பதே கேள்வி என்று அவர் வரையறுத்தார். நெடுநாள் உண்ணாதவர்களைப் பற்றி அவர் முதலில் கேட்கச் சொல்வது, இதற்கு இயற்கையான காரணம் இருக்க முடியுமா என்பதை.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஜெம்மா கல்கானியின் வழக்கைவிடத் துலக்கமான உதாரணம் இல்லை. 1878இல் இத்தாலியின் லூக்கா நகருக்கு அருகில் பிறந்தவர். எட்டு வயதில் தாய் காசநோயில் போனார். மருந்துக்கடை நடத்திய தந்தை 1897இல் புற்றுநோயில் இறந்தபோது கடன்காரர்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். ஜெம்மாவுக்கே முதுகெலும்பில் நோய் கண்டு, மருத்துவர்கள் கைவிட்ட நிலை. படுக்கையில் அவர் படித்தது, இளவயதில் இறந்த பாடுகளின் சபைத் துறவி கபிரியேல் பொசெந்தியின் வாழ்க்கை வரலாறு. 1899 மார்ச்சில் எழுந்து நடந்தார். அதே ஆண்டு ஜூன் 8, வியாழன் மாலை, கைகளிலும் கால்களிலும் விலாவிலும் காயங்கள் தோன்றின. அதற்குப் பிறகு வியாழன் மாலை வரும். வெள்ளி பிற்பகல் மறையும்.

அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்த ஆயர் வோல்பி எச்சரிக்கையான மனிதர். செப்டம்பர் 8ஆம் தேதி பியெத்ரோ ஃபானர் என்ற மருத்துவரை அழைத்துவந்தார். மருத்துவர் ஈரத்துணியால் இரத்தத்தைத் துடைத்தார். அடியில் காயம் எதுவும் இல்லை. ஹிஸ்டீரியா என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவர் வந்தால் எதுவும் காட்டப்படாது என்று ஜெம்மா முன்கூட்டியே இயேசுவின் பெயரால் ஆயருக்குச் சொல்லியனுப்பியிருந்தார் என்கிறார், பின்னாளில் வழிகாட்டியான அருட்தந்தை ஜெர்மானோ. இந்தப் பதில் நம்புகிறவருக்குப் போதும். நம்பாதவருக்கு எரிச்சல் தரும். ஊரில் பேச்சு பரவியது. ஜெம்மா சேர ஆசைப்பட்ட பாடுகளின் சபைக் கன்னியர் மடம் அவரை ஏற்க மறுத்துவிட்டது. ஜியன்னினி என்ற பெரிய குடும்பம் அவரை வீட்டில் வைத்துக்கொண்டது. அந்த வீட்டின் செசீலியா அம்மையார், பரவச நேரத்தில் ஜெம்மா பேசுவதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைத்தார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். ஜெம்மாவின் வலியை நாம் அறிவது அந்தத் தாள்கள் வழியாக. பிறகு ஜெர்மானோ 1907இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு வழியாக. காயத்துக்குச் சாட்சி எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான். அவர் எதைக் கேட்கக் காத்திருந்தாரோ அதையே பெரும்பாலும் கேட்கிறார். வெளிக்குறிகள் நின்றுபோக வேண்டிக்கொள்ளும்படி ஜெர்மானோ கட்டளையிட்டபோது ஜெம்மா கீழ்ப்படிந்தார், காயங்கள் நின்றன. 1903 ஏப்ரல் 11, பெரிய சனிக்கிழமை, 25 வயதில் இறந்தார். தொற்றுக்குப் பயந்து கடைசியில் அவரைத் தனி அறைகளுக்கு மாற்றியிருந்தார்கள். 1931இல் அவருடைய புண்ணியங்கள் வீரத்துக்குரியவை என்று அறிவித்த ரோமின் ஆணை, வழக்கத்துக்கு மாறாக வெளிப்படையாகவே ஒன்றைச் சேர்த்தது: அவரிடம் காணப்பட்டதாகச் சொல்லப்படும் அசாதாரண வரங்கள் பற்றி இதன் மூலம் எந்தத் தீர்ப்பும் வழங்கப்படவில்லை. 1940இல் புனிதை ஆனார். அந்தக் காயங்கள் எங்கிருந்து வந்தன என்று ரோம் இதில் சொல்லவேயில்லை.

ஜெர்மானோவின் புத்தகமும் ஜெம்மாவின் கடிதங்களும் தென் இத்தாலியில் ஒரு இளம் கப்புச்சின் குருவின் கையில் கிடைத்தன. அவர் தம் வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்களில் ஜெம்மாவின் வாக்கியங்கள் அப்படியே, பெயர் சொல்லாமல் இடம்பெறுகின்றன. 1918 செப்டம்பர் 20 அன்று அவருக்கும் ஐந்து காயங்கள் வந்தன. அவர்தான் பாத்ரே பியோ. இதை மட்டும் வைத்து அவர் போலி என்று சொல்வது அவசரம். தன் வேதனையைச் சொல்ல ஒருவர் முன்னோரின் மொழியைக் கடன் வாங்குவது எல்லாப் பக்தி மரபிலும் நடப்பது. ஆனால் வலிக்கும் ஒரு வாசிப்பு வரலாறு உண்டு என்பதை இது காட்டுகிறது. ஜெம்மா கபிரியேலைப் படித்தார், பியோ ஜெம்மாவைப் படித்தார். 1923இல் ரோம், பியோ தொடர்பான நிகழ்வுகளில் இயற்கைக்கு அப்பாற்பட்டது எதுவும் நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. 1931 முதல் 1933 வரை பொதுமக்களுக்குத் திருப்பலி வைக்கவே தடை. பிறகு காற்று மாறியது. 2002இல் பட்டம். என்னைக் கேட்டால், அவர் விட்டுச்சென்றவற்றில் ஐயத்துக்கு இடமில்லாதது 1956 மே 5 அன்று சான் ஜியோவன்னி ரொத்தோந்தோவில் திறந்த மருத்துவமனைதான். அதற்கு அவர் வைத்த பெயர், துன்பத்தைத் தணிக்கும் இல்லம்.

நமக்கு அருகில், திருச்சூர்ப் பகுதியின் புத்தன்சிறையில் 1876இல் பிறந்த மரியம் திரேசியாவின் கதையில் சாட்சியின் பார்வை இன்னும் கடுமையாக விழுகிறது. அவருக்கும் காயங்கள், பரவசங்கள். ஆயர் ஜான் மேனாச்சேரி இது பேயின் வேலையோ என்று ஐயுற்றார். 1902 முதல் 1905 வரை, ஆயர் சொற்படி பங்குக்குரு ஜோசப் விதயத்தில் அவருக்குப் பலமுறை பேயோட்டும் சடங்கு நடத்தினார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரேசியா எதிர்த்து வாதாடவில்லை. அம்மை நோயாளிகளையும் தொழுநோயாளிகளையும் பார்க்க வீடு வீடாகப் போய்க்கொண்டே இருந்தார். பேயோட்டிய அதே குரு கடைசிவரை அவருடைய வழிகாட்டியாக நின்றார். 1914இல் திருக்குடும்பச் சபையைத் தொடங்கினார்கள். 1926இல், நீரிழிவால் ஆறாத ஒரு சாதாரணக் கால்புண்ணில் அவர் உயிர் போனது. 2019இல் புனிதை.

வலியைப் பற்றிய இந்த வழக்குகளிலேயே மிகப் பெரிய திருத்தம் நடந்தது, காயமே இல்லாத ஒருவரிடம். நம் ஊர்ப் பங்குக் கோயில்களில் ரோஜாக்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் குழந்தை தெரேசா. 1896 ஏப்ரலில், பெரிய வியாழன் இரவு, லிசியே நகரின் கர்மேல் மடத்தில் முதன்முதலாக இரத்தம் கக்கினார். வயது 23. சில நாட்களில், அந்த உயிர்ப்புத் திருநாள் காலத்தில், நம்பிக்கையின் ஒளி அணைந்தது. மோட்சம் என்று ஒன்று இல்லை என்ற எண்ணம் அவரைவிட்டு நீங்கவே இல்லை. நம்பிக்கையற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர்களுடைய கசப்பான அப்பத்தை உண்பதாக, 1897 ஜூனில் எழுதிய கையெழுத்துப் படியில் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்; விசுவாசம் உணர்வாக இல்லாதபோது அதை எழுத்தாகவாவது பிடித்துக்கொள்ள.

காசநோய் குடலுக்கும் பரவியது. உறவினரான மருத்துவர் சொல்லியும் மார்ஃபின் ஊசிக்கு மடத்தலைவி அனுமதி தரவில்லை. கர்மேல் கன்னியருக்கு அது தகாது என்ற எண்ணம். இப்படி நோகும் நோயாளிகளின் பக்கத்தில் விஷமருந்துகளை வைக்காதீர்கள் என்று, தாம் அம்மா என்றழைத்த அக்காவிடம் தெரேசா எச்சரித்தார். 1897 செப்டம்பர் 30 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு 2,000 படிகள் அச்சான ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ அந்த அக்காவின் கையில் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் கண்ட நூல். உலகம் வணங்கியது அந்தத் திருத்திய தெரேசாவை. புகைப்படங்களைக்கூட மெருகேற்றித்தான் வெளியிட்டார்கள். 1925இல் புனிதை ஆனபோதும் கையெழுத்துப் படிகள் மடத்தின் பெட்டியில் இருந்தன. அவர் எழுதியது எழுதியபடியே வெளிவந்தது 1956இல். இருட்டு எவ்வளவு அடர்த்தி என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவருடைய பெயரைத் தேர்ந்துகொண்ட அல்பேனியக் கன்னியருக்கும் அதே இருட்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். அன்னை தெரேசா எரித்துவிடச் சொன்ன கடிதங்கள் எரிக்கப்படாமல் 2007இல் நூலாயின. 1961 வாக்கில் இயேசு சபைக் குரு ஜோசப் நொய்னர் உதவியால், அந்த வெறுமையை விலக்க முயலாமல் தம் பணியின் ஒரு பகுதியாக அவர் ஏற்கத் தொடங்கினார். தம் வலியை அப்படி ஏற்க அவருக்கு முழு உரிமை இருந்தது. இடறல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், கொல்கத்தாவில் சாகக் கிடப்போருக்கான அவருடைய இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். தூய்மையையும் அன்பையும் பாராட்டிய அதே கட்டுரையில், வலுவான வலிநிவாரணிகள் அங்கே இல்லை என்பதையும் குறித்தார். புனிதர் ஒருவர் தம் உடலில் விரும்பி ஏற்றது, விரும்பாத இன்னோர் உடலின் மேல் இறங்கும் அபாயம் இது. லிசியேவின் மடத்தலைவி செய்ததும் இதையே.

திருச்சபையின் போதனையில் இதற்குச் சான்று கிடையாது. 1957 பிப்ரவரி 24 அன்று, இத்தாலிய மயக்கமருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் நேரடியாகவே பதில் சொன்னார்: துன்பத்தைத் தாங்கியே ஆகவேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவருக்கு இல்லை, வலிநிவாரணி தரலாம், ஆயுள் சற்றே குறையக்கூடும் என்றாலும், வேறு வழியில்லாதபோது தரலாம். ஜெம்மாவைப் புனிதையாக்கியவர் இவர்தான். லான்செட் கட்டுரை வந்தது இந்தப் பதிலுக்கு 37 ஆண்டுகள் கழித்து.